சோலோவின் டிடி கெம்போட்டை நேரில் கேட்ட அனுபவம்

இந்தோனேசிய மக்களிசை என்றதும் இங்கே பலரும் டங்டுட் என்ற வெகுசன ஆட்ட இசை பற்றியே எழுதியிருக்கிறீர்கள். டங்டுட் பாடகர் ரோமா இராமாவின் மின்கிதாரும் இந்தித் திரையிசையின் சாயல் கொண்ட தாளமும் அந்த நாட்டையே ஆட வைத்தன என்பது உண்மைதான். ஆனால் வேலை நிமித்தமாக நான் ஜாவா தீவின் யோக்யகார்த்தா நகரில் தங்கியிருந்த காலத்தில் என்னை ஆட்கொண்டது, மத்திய ஜாவாவின் சோலோ நகரைச் சேர்ந்த, பெரும்பாலும் ஜாவானிய மொழியிலேயே பாடிய டிடி கெம்போட்டின் குரல்.

2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில், உடன் பணிபுரிந்த ஜாவானிய நண்பர் ஒருவர் என்னை டிடி கெம்போட்டின் திறந்தவெளி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். பாடகருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. கூட்டத்தில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். தலையில் பிளாங்கோன் தலைப்பாகையும் தோளில் புரளும் நீண்ட முடியுமாக அவர் மேடைக்கு வந்து வாயைத் திறப்பதற்குள், முதல் பாட்டின் முதல் அடியைக் கூட்டமே பாடிவிட்டது. எனக்கு அருகில் நின்ற இளைஞன் ஒருவன் கண்ணீர் வழியப் பாடியபடியே, தாளம் பிசகாமல் ஆடிக்கொண்டும் இருந்தான். அழுவதை அவனும் மறைக்கவில்லை. சுற்றி நின்றவர்களும் அதை வேடிக்கை பார்க்கவில்லை. இந்த ரசிகர்களுக்கு 'சோபாட் அம்பியார்' என்று பெயர். மனம் நொறுங்கியவர்களின் தோழமை என்று சொல்லலாம். அழுது தீர்ப்பதைவிட ஆடித் தீர்ப்பது மேல் என்பது அவர்களுடைய கொள்கை. காதலில் தோற்ற ஆண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் நடுவே வெளிப்படையாக அழுவதற்கு ஒரு பாடகர் இடம் அமைத்துக் கொடுத்ததை நான் மிகப் பெரிய காரியமாகவே கருதுகிறேன்.

நிகழ்ச்சி முடிந்தபின் அங்கிரிங்கான் எனப்படும் உணவுத் தள்ளுவண்டி ஒன்றின் அருகே பாயில் அமர்ந்து, சூடான இஞ்சிப் பானத்துடன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பாடல்களில் வரும் இடங்களைக் கவனிக்கும்படி நண்பர் சொன்னார். சோலோ பாலாபான் ரயில் நிலையம், திர்தோனாடி பேருந்து நிலையம், செமாராங்கின் தஞ்சுங் மாஸ் துறைமுகம் என்று பிரிவு நிகழும் இடங்களாகவே அவை இருக்கின்றன. வந்துவிடுவேன் என்று வாக்களித்துச் சென்றவர் வராமலே போகும் கதை, பிழைப்புக்காக ஊரைவிட்டு வெளியேறுவோர் மிகுந்த மத்திய ஜாவாவில் காதலர்களுக்கு மட்டும் உரியதன்று. "என் அண்ணன் ஜகார்த்தாவுக்குப் பேருந்து ஏறியதும் திர்தோனாடியில்தான், மாஸ் (அண்ணா), அந்தப் பாட்டைக் கேட்டால் அம்மா வேலையை நிறுத்திவிடுவார்" என்றார் அவர். அவருடைய கைப்பேசியில் இருந்த பாடல்களை அன்றிரவு அந்தக் காதோடு மீண்டும் கேட்டேன்.

டிடி கெம்போட் தெருவில் பாடிப் பிழைத்து மேலே வந்தவர். கெம்போட் என்ற பெயரே நடைபாதைப் பாடகர் குழு ஒன்றின் சுருக்கப் பெயர்தான். ஜாவாவின் மரபான உலோகத் தாளக்கருவிக் குழு இசையான கமெலானோடு கீபோர்டையும் டங்டுட்டையும் கலக்கும் சம்புர்சாரி இசை, 1990களில் மந்தோஸ் என்ற கலைஞரால் பரவலானது. அதைக் கடைக்கோடி ஊர்வரை கொண்டுசென்றவர்களுள் இவரும் ஒருவர். டச்சுக்காரர்கள் தோட்ட வேலைக்காக அழைத்துச்சென்ற ஜாவானியர்களின் சந்ததியினர் வாழும் தென்னமெரிக்க நாடான சுரினாமிலும் அவருக்கு நெடுங்காலமாகவே ரசிகர்கள் உண்டு. 2019இல் சமூக ஊடகம் வழியாக இளைஞர்கள் அவரைப் புதிதாகக் கண்டெடுத்து, 'உடைந்த இதயங்களின் காட்ஃபாதர்' என்று கொண்டாடத் தொடங்கினார்கள்.

அந்தக் கொண்டாட்டம் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. பெருந்தொற்று நிவாரணத்துக்காக 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே பாடி நிதி திரட்டியவர், மே 5ஆம் தேதி தம் 53ஆம் வயதில் சோலோவில் காலமானார். ஊரடங்கால் கூடி அழவும் வழியில்லாத அந்த நாளில், நான் குடியிருந்த தெருவில் வீட்டுக்கு வீடு அவர் குரலே கேட்டுக்கொண்டிருந்தது.

இன்று ஜாவானிய மொழியில் பாடும் இளைஞர்கள் தேசிய அளவில் புகழ் பெறுவது இயல்பாகிவிட்டது. ங்காவி ஊரின் டென்னி சக்னான், தம் ஊர்ச் சந்தியிலுள்ள கார்தோன்யோனோ நினைவுத்தூணை வைத்து முறிந்த வாக்குறுதியைப் பாடியபோது, அது டிடி கெம்போட் போட்ட பாதை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவரைக் கேட்க விரும்புவோர் இசைத்தட்டுப் பதிவுகளைவிட, கூட்டம் சேர்ந்து பாடும் மேடைப் பதிவுகளிலிருந்தே தொடங்குங்கள். சுரினாமில் அவர் பாடக் கேட்டவர்கள் இங்கே இருந்தால், அந்த அனுபவத்தையும் எழுத வேண்டுகிறேன்.