ஃபீச்சர் ஃப்ளாக்குகளைத் தரவுத்தளத்தில் வைத்தால் வாசிப்புச் சுமையை எப்படிக் குறைப்பது?

கேள்வி

வணக்கம். எங்கள் பைதான் வலைச் செயலியில் ஒரு வசதியை மூடுவதற்குக்கூட மீண்டும் டிப்ளாய் செய்ய (நிரலைச் சர்வர்களில் மறுபடி நிறுவ) வேண்டியிருந்ததால், என்விரான்மென்ட் வேரியபிள்களாக (செயலி தொடங்கும்போது வெளியிலிருந்து தரப்படும் மதிப்புகளாக) இருந்த ஃப்ளாக்குகள் (வசதிகளை இயக்கவோ மூடவோ உதவும் சுவிட்சுகள்) அனைத்தையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள அட்டவணை ஒன்றுக்கு மாற்றினோம். ஃப்ளாக்கின் பெயர், அது இயங்குகிறதா என்ற மதிப்பு, எத்தனை சதவீதப் பயனர்களுக்கு என்ற எண் ஆகியவை மட்டுமே அதில் உள்ளன. ஒவ்வொரு கோரிக்கையும் அந்த அட்டவணையைப் பலமுறை வாசிப்பதால், நெரிசல் மிகுந்த நேரங்களில் கனெக்‌ஷன் பூல் (தரவுத்தளத்துக்கான இணைப்புகளின் வரம்புள்ள தொகுப்பு) நிரம்பிவிடுகிறது. செயலியின் ஒவ்வொரு ப்ராசஸிலும் (இயங்கும் பிரதியிலும்) ஒரு நிமிடத்துக்குக் கேஷ் செய்தபோது (நினைவகத்தில் நகலாக வைத்தபோது) சுமை குறைந்தது. ஆனால் ஒரே பயனருக்குப் புதிய பக்கமும் பழைய பக்கமும் மாறி மாறி வருகின்றன. ரெடிஸை (நினைவகத்தில் இயங்கும் தனித் தரவுச் சேமிப்பை) சேர்ப்பதுதான் வழியா, தரவுத்தளத்தை மட்டும் வைத்தே இதைச் செய்ய முடியுமா?

பதில் 1

ரெடிஸ் தேவையில்லை என்பதே என் கருத்து. ஃப்ளாக் அட்டவணை மிகச் சிறியது. அதை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றிவிடலாம். கோரிக்கைகள் தரவுத்தளத்தைத் தொடவே வேண்டாம். பின்னணியில் ஓடும் ஒரு த்ரெட் மட்டும் சில வினாடிகளுக்கு ஒருமுறை 'ஏதேனும் மாறியிருக்கிறதா' என்று கேட்டு, மாறியிருந்தால் முழு அட்டவணையையும் மீண்டும் படித்து, பழைய நகலை ஒரே வீச்சில் மாற்றட்டும்.

மாற்றத்தைக் கண்டறிய, கடைசியாகத் திருத்திய நேரத்தை நம்ப வேண்டாம். போஸ்ட்கிரெஸில் நவ் ஃபங்ஷன் தருவது பரிவர்த்தனை (ஒன்றாகவே நிறைவேறும் மாற்றங்களின் தொகுதி) தொடங்கிய நேரம். ஆகவே முன்பே தொடங்கித் தாமதமாகக் கமிட் ஆகும் (நிலைபெறும்) ஒரு திருத்தம், நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்ட நேரத்தைத் தாங்கி வந்து, கண்ணில் படாமலே போய்விடும். அதற்குப் பதிலாக ஒற்றை வரிசை கொண்ட பதிப்பு எண் அட்டவணை ஒன்றை வைத்து, ஃப்ளாக்கில் எது மாறினாலும் அதே பரிவர்த்தனையில் ஒரு ட்ரிகர் (மாற்றம் நிகழ்ந்ததும் தரவுத்தளம் தானாக இயக்கும் நிரல்) அந்த எண்ணைக் கூட்டும்படி செய்யுங்கள்.

போஸ்ட்கிரெஸின் லிசன், நோட்டிஃபை வசதியை (இணைப்பில் உள்ள ப்ராசஸ்களுக்கு அறிவிப்பு அனுப்புவதை) சேர்த்தால் மாற்றம் ஏறக்குறைய உடனே போய்ச் சேரும். ஆனால் அந்த நொடியில் இணைப்பில் இல்லாத ப்ராசஸுக்கு அறிவிப்பு பிறகு வராது என்பதால், அவ்வப்போது கேட்பதை நிறுத்திவிடக் கூடாது. பிஜிபவுன்சரை (தரவுத்தள இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் இடைநிலை மென்பொருளை) பரிவர்த்தனை முறையில் இயக்குகிறீர்கள் என்றால், லிசனுக்குத் தரவுத்தளத்தோடு தனியான நேரடி இணைப்பு வேண்டும்.

ஒரு கோரிக்கை தொடங்கும்போது எடுத்த நகலையே அது முடியும்வரை பயன்படுத்துவதும் முக்கியம். இல்லாவிட்டால் புதிய நிரல் சரிபார்த்த படிவத்தைப் பழைய நிரல் சேமிக்கும் நிலை வரும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும்: ஃப்ளாக்கை மாற்றி நெடுநேரம் ஆன பிறகும் பக்கம் மாறி மாறி வருவது நிற்கவில்லை. ஃப்ளாக் பெயரையும் பயனர் எண்ணையும் சேர்த்த சரத்துக்குப் பைதானின் உள்ளமைந்த ஹேஷ் ஃபங்ஷனை (சரத்தை ஓர் எண்ணாக மாற்றுவதை) பயன்படுத்தி, கிடைப்பதை 100 ஆல் வகுத்த மீதியைச் சதவீதத்தோடு ஒப்பிடுகிறோம்.

பதில் 2

அப்படியானால் காரணம் கேஷ் அன்று, அந்த ஹேஷ்தான். பைதான் 3.3 முதல் சரங்களின் ஹேஷ் மதிப்பு, ப்ராசஸ் தொடங்கும்போது தேர்வாகும் ஒரு தற்செயல் விதையைப் பொறுத்தது. ஒரே தாய் ப்ராசஸிலிருந்து பிரிந்த பணியாளர் ப்ராசஸ்கள் ஒரே விதையைப் பகிர்வதால் ஒற்றைச் சர்வரில் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். இரண்டாவது சர்வர் சேர்ந்ததும் அதே பயனர் அங்கே வேறு பக்கத்தைப் பார்ப்பார். எஸ்ஹெச்ஏ-256 அல்லது சிஆர்சி-32 போல எங்கும் எப்போதும் ஒரே விடை தருவதைப் பயன்படுத்துங்கள். சரத்தில் ஃப்ளாக் பெயரைச் சேர்த்திருப்பது நல்ல முடிவு. அது இல்லையென்றால் எல்லாப் புதிய வசதிகளும் முதலில் அதே பயனர்கள்மீதே விழும். சதவீதத்தை 10இலிருந்து 25ஆக உயர்த்தினாலும், முன்பு பெற்றவர்களுக்கு வசதி தொடரும்.

பதில் 3

தரவுத்தளம் எட்டாத நேரத்தில் கடைசியாகப் படித்த நகலோடு தொடருங்கள். தொடக்கத்திலேயே எட்டவில்லை என்றால், ஒவ்வொரு ஃப்ளாக்குக்கும் நிரலில் எழுதிவைத்த இயல்பு மதிப்பு கைகொடுக்க வேண்டும்.

வேலை முடிந்த ஃப்ளாக்கின் நிரலை நீக்குங்கள், ஆனால் அட்டவணையிலிருந்து அதன் வரிசையை நீக்காதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல், கைவிடப்பட்ட ஒரு வசதியின் ஃப்ளாக்கையே புதிய நிரலுக்கும் பயன்படுத்தியது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. ஃப்ளாக் இயங்கியதும் அங்கே கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது, சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பு நேர்ந்தது. வரிசையை 'ஓய்வு பெற்றது' என்று குறித்து வைத்து, பெயர் நெடுவரிசைக்கு யூனிக் கட்டுப்பாடும் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) விதித்தால், அந்தப் பெயரில் வேறு யாரும் புதிய ஃப்ளாக் உருவாக்கத் தரவுத்தளமே அனுமதிக்காது.