அனுபவப் பகிர்வு: இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஆறு முதல் எட்டு வரை, பரீட்சையும் மார்க்கும்

கோவை அம்மா:
கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தின் செக்பாயின்ட் பரீட்சை ரிசல்ட் வந்த அன்று மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். பிரிண்ட் எடுத்த தாளை வாங்கிப் பார்த்தவர், கணக்கில் 38 என்று படித்ததும் முகம் சுருங்கிவிட்டது. "35-க்கு மேல மூணு மார்க்கா? இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?" என்றார். மகன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அது 50-க்கு 38, 31 முதல் 40 வரை 'ஹை', அதற்கு மேலே ஒரே ஒரு படிதான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தாளைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். முதல் பேப்பருக்கு கால்குலேட்டர் கிடையாது என்று தினமும் பின்னம், தசமம் போட்டுப் பழகிய பிள்ளை. மாமனார் புரிந்துகொண்டு அன்றைக்கே சமாதானம் சொன்னார். ஆனால் பையன் இப்போதும் தாத்தாவிடம் எந்த மார்க்கையும் காட்டுவதில்லை.

மடிப்பாக்கம் அப்பா:
எங்களுடையது ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்), அதில் ஆறாவதிலிருந்து வரும் எம்ஒய்பி திட்டம். மகள் ஏழாவது. தீக்குச்சியில் சதுரங்களை ஒட்டி ஒட்டி வைக்கும் கணக்கு: ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. டியூஷனில் படித்திருந்ததால், சதுர எண்ணிக்கையை 3-ஆல் பெருக்கி 1 கூட்ட வேண்டும் என்று நேராக எழுதிவிட்டாள். 8-க்கு 3 மார்க். பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் கேட்கப் போனால், மிஸ் மகள் பக்கம் திரும்பி, "ஏன் 3-ஆல் பெருக்குகிறோம்?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள், "ஃபார்முலா அதுதானே மிஸ்" என்றாள். கண்ணில் தண்ணீர். விடை சரி. சரியான விடைக்கு 3 என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

ஓஎம்ஆர் வாசி:
மடிப்பாக்கம் அப்பா, மிஸ் கேட்டதில் தப்பே இல்லை சார். அது மார்க் போடும் நான்கு அளவுகோல்களில் ஒன்றான கிரைட்டீரியன் பி, விதியைத் தானே கண்டுபிடிக்க வேண்டிய இடம். அட்டவணை போட்டு, விதியை எழுதி, வேறு எண்ணில் சரிபார்த்து, ஏன் அப்படி வருகிறது என்றும் சொன்னால்தான் 7, 8 வரும். முதல் சதுரத்துக்குப் பிறகு ஒரு பக்கம் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் 3 குச்சி போதும். இதை எழுதியிருந்தாலே மார்க் ஏறியிருக்கும். என் மகனும் சயின்ஸில் கிராஃப் அழகாகப் போட்டுவிட்டு, எதை மாற்றினான், எதை மாற்றாமல் வைத்தான் என்று எழுதாமல் விட்டான். அங்கேயும் இதே கதைதான்.

பொதுவாக எல்லோருக்கும் சொல்கிறேன். எம்ஒய்பியில் ஒரு பாடத்துக்கு நான்கு கிரைட்டீரியா, ஒவ்வொன்றுக்கும் 8, மொத்தம் 32. 28 வந்தால் கிரேடு 7, அதுதான் உச்சம். 24 முதல் 27 வரை 6. தயவுசெய்து சதவீதமாக்கிப் பார்க்காதீர்கள். டாஸ்க் ஷீட்டோடு, எப்படி எழுதினால் எத்தனை மார்க் என்று சொல்லும் ரூப்ரிக்கையும் கேட்டு வாங்குங்கள். கேள்வியில் வரும் 'டிஸ்கிரைப்' வேறு, 'எக்ஸ்ப்ளெயின்' வேறு, 'ஜஸ்டிஃபை' வேறு, பிள்ளைகளுக்கு அதைப் பழக்குங்கள். அப்புறம், சிபிஎஸ்இ-க்கு மாற்றும் எண்ணம் இருந்தால் எட்டாவது முடிந்ததும் மாற்றிவிடுங்கள். அங்கே ஒன்பதாவதிலேயே போர்டு பரீட்சைக்குப் பதிவு செய்துவிடுவார்கள், பத்தாவதில் நேராகச் சேர்ப்பது பெரும்பாடு. ஃபார்முலா மனப்பாடம் செய்ய வைக்கும் டியூஷனை முதலில் நிறுத்துங்கள்.

மடிப்பாக்கம் அப்பா:
ரூப்ரிக் எங்கள் வீட்டிலும் இருக்கிறது மேடம். நான் யோசனை கேட்கவில்லை. 12 வயதுப் பிள்ளை அப்பா முன்னால் அழுததைச் சொன்னேன்.

அடையாறு அம்மா:
நாங்களும் எம்ஒய்பிதான். எட்டாவதில் கம்யூனிட்டி ப்ராஜெக்ட், மூன்று பேர் வரை சேர்ந்து செய்யலாம். மகனும் இரண்டு நண்பர்களும் எங்கள் அபார்ட்மென்ட்டில் குப்பை பிரிப்பதை எடுத்துக்கொண்டார்கள். குப்பை எடுக்க வரும் அக்காவிடம் பேட்டி எடுக்கப் போனபோது நானும் கீழே நின்றிருந்தேன். பச்சை பக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டினார். காய்கறித் தோலுக்கு நடுவே டயப்பர், உடைந்த டம்ளர். கையில் பழைய வெட்டுத் தழும்பு. "இது எந்த வீட்டுதுன்னு எனக்குத் தெரியும். அதை எழுதுவியா தம்பி?" என்றார். எழுதினான். வீட்டு எண்ணை எடுத்துவிடச் ஸ்கூலில் சொன்னார்கள், அது நியாயம். ஆனால் பிரசன்டேஷனுக்கு அந்த அக்காவையும் கூப்பிடலாமா என்று மகன் கேட்டதற்கு, பெற்றோர் மட்டும்தான் என்றுவிட்டார்கள். அவர் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ப்ராஜெக்டில் பாதி அவர் சொன்னதுதான்.