புதுத் தோற்றம் பெறும் போர் வியூக விளையாட்டுகள்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

கல்லடி உறுப்பினர்:

கணினியில் முறைவைத்து ஆடும் வியூகப் போர் விளையாட்டுகளில் ஈடுபாடுள்ளவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்தால் எழுதுங்கள். பழைய விளையாட்டுகள் புதுத் தோற்றத்தில் வருகின்றன. அதில் எது உங்களுக்கு உதவியது, எது இடைஞ்சலானது? நானே தொடங்கிவைக்கிறேன்.

நான் ஆண்டுக்கணக்கில் ஆடிவருவது, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு நடந்த போரை ஆடும், 2009இல் வெளியான ‘வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்’. அதன்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் ஹெர்மிஸ் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில், மட்டக்களப்புக் கடலில் குண்டுபட்டு மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கி அது. அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் அதோடு போனார்கள். சுழியோடிகள் இன்றும் இறங்கிப் பார்த்து வருகிறார்கள். அந்தக் கப்பலை நானே நடத்தினால் தப்பவைக்க முடியுமா என்ற எண்ணம் என்னை விடவில்லை.

விளையாட்டின் ஆழத்துக்கு இன்றும் ஈடில்லை. ஒரு கட்டம் 40 கடல்மைல். திருகோணமலைக்கும் நமக்கும் இடையே இரண்டு கட்டம் முழுதாக வராது. ஆனால் நாலு கப்பலைச் சேர்த்து அனுப்புவதற்குள் பொறுமை போய்விடும். துறைமுகத்தைச் சொடுக்கி, கப்பல் தொகுதியின் வகையைத் தெரிவுசெய்து, நீண்ட பட்டியலில் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, போகுமிடம், திரும்புமிடம் எல்லாம் சொல்லி முடிக்க வேண்டும். அந்தப் பெட்டிகளும் எழுத்துகளும் அக்காலத் திரைக்கு அளவாக வரையப்பட்டவை. இன்றைய திரைகளில் புள்ளிகள் நெருங்கிவிட்டதால் எழுத்து சுருங்கிவிடுகிறது. விண்டோஸைக் கொண்டு பெரிதாக்கினால் மங்கிப்போகிறது. வெள்ளெழுத்து வந்த கண்ணோடு எரிபொருள் அளவைப் படிக்க முகத்தைத் திரையோடு ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் புதுப் படம் வேண்டாம். எழுத்து பெருத்தால் போதும், பெட்டிகள் குறைந்தால் போதும்.

கல்முனை உறுப்பினர்:

அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். என் கதை 1994இன் ‘பான்சர் ஜெனரல்’ விளையாட்டில் தொடங்குகிறது. காக்கா (அண்ணன்) கொழும்பிலிருந்து கொண்டுவந்த பழைய கணினியில் ஆடினோம். அதே வழியில் 2011இல் ‘பான்சர் கோர்ப்ஸ்’ வந்தது. 2020இல் அதன் இரண்டாம் பாகம் அன்ரியல் என்ஜின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் முழு முப்பரிமாணமாக வந்தது. டாங்கிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால் உண்மையிலேயே அழகு. ஆனாலும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறொன்று. தாக்குவதற்கு முன் எதிரியின் மேல் மவுஸை வைத்தால், இரு பக்கத்திலும் எதிர்பார்க்கும் இழப்பு எண்ணாக வந்து நிற்கும். அந்த ஓர் எண்ணைப் பார்த்துத்தான் தாக்குவதா, பீரங்கியை அருகில் கொண்டுவரும்வரை பொறுப்பதா என்று முடிவெடுக்கிறேன்.

இதில் என்னைக் கவர்ந்தது குரோவேஷியாவின் ஒரு சிறிய குழு 2011இல் செய்த ‘யூனிட்டி ஒஃப் கொமாண்ட்’. ஸ்டாலின்கிராட் போர்க்களம். படையினருக்கு உணவும் தோட்டாவும் ரயில் பாதை வழியே வருகின்றன. பாதையிலிருந்து விலக விலக வழங்கல் தேய்கிறது. மற்ற விளையாட்டுகள் பலவற்றில் இது உள்ளே ஓடும் கணக்கு. நமக்குத் தெரிவதெல்லாம் படை திடீரென்று பலமிழந்து நிற்பது மட்டுந்தான். இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் வழங்கல் எட்டும் நிலம் முழுவதும் வரைபடத்தில் தெரியும். எதிரியின் பாதையை ஒரே இடத்தில் அறுத்தால் அவன் முன்னணி முழுவதும் வரண்டுபோவதைக் கண்ணாலேயே காணலாம். மறைந்து கிடந்த கணக்கை நிலத்தின்மேல் எடுத்து வைத்தார்கள். புதுப்பிப்பது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு விளையாட்டில் மலைகளை இவ்வளவு உயரமாகத் தூக்கிவிட்டார்கள்: மலைக்குப் பின்னால் நிற்கும் என் படையை நானே தேட வேண்டியிருந்தது. கடைசியில் சதுரக் காய்களைக் காட்டும் பழைய தோற்றத்துக்கு மாற்றிவிட்டேன். காலாட்படைக்கு ஒன்றையொன்று வெட்டும் இரு குறுக்குக்கோடுகள், கவசப்படைக்கு முட்டை வடிவம். படைகளைக் காட்டும் இந்த நேட்டோக் குறிகளைப் பழக ஒரு மாலை போதும். மேலே இரண்டு X குறி இருந்தால் டிவிஷன், ஒன்று இருந்தால் அதைவிடச் சிறிய பிரிகேட். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் குழப்பமில்லை. முப்பரிமாணம் கொடுங்கள், ஆனால் இந்தக் காய்களை எடுத்துவிடாதீர்கள்.

ஆரையம்பதி உறுப்பினர்:

காய்களை நான் வேறொரு காரணத்துக்காக விரும்புகிறேன். நான் போர்க்காலத்தில் இங்கேயே வளர்ந்தவள். இந்த விளையாட்டுகளில் எனக்குப் பிடித்தது சிந்தனை: எந்தப் பாலம் முக்கியம், யாரைக் காத்திருக்க வைப்பது என்பவை. குண்டு விழுந்து ஆட்கள் சிதறுவதை உண்மைபோலக் காட்டத் தேவையில்லை. புதிதாக வந்த ஒன்றை வாங்கினேன். அதில் செல் (எறிகணை) விழும் ஓசையைத் தனியாக நிறுத்த வழியில்லை. அம்மா அடுத்த அறையில் இருந்தார். நான் கணினியை அணைத்துவிட்டேன், அதன்பின் அதைத் திறக்கவில்லை. இசை, வெடியோசை, குரல் மூன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கவும், சண்டைக் காட்சியைத் தவிர்த்து முடிவை மட்டும் காட்டவும் வசதி செய்வது கடினமான வேலையல்லவே. வடிவமைப்பாளர்கள் இதை அழகுக்கும் முன்னால் வைக்க வேண்டும்.

வந்தாறுமூலை மாணவன்:

நான் சொந்தமாக ஒரு சிறு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். களம் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதை 1638இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து பிடித்த கதை. ‘வெஸ்நோத்’ என்ற திறந்த மூல விளையாட்டைப் பார்த்துத்தான் பழகினேன். அதில் வீரனைத் தெரிவுசெய்ததும் அவனால் போக முடியாத கட்டங்கள் இருண்டுவிடும். ஒரு கட்டத்தின்மேல் மவுஸை வைத்தால் அங்கே அவனுக்குள்ள தற்காப்பு எத்தனை வீதம் என்று தெரியும். கையேடு படிக்காமலே தங்கை அரை மணித்தியாலத்தில் ஆடத் தொடங்கிவிட்டாள்.

சதுரக் கட்டத்தை விட்டு அறுகோணத்துக்கு வந்தேன். சதுரத்தில் மூலைவழிப் பயணம் நேர்வழியைவிட 1.41 மடங்கு நீளம், ஆனால் கணக்கில் இரண்டும் ஒரே நகர்வு. அறுகோணத்தில் ஆறு அயலும் ஒரே தூரம். ‘சிவிலைசேஷன்’ வரிசையும் 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில் சதுரத்தை விட்டு இதற்கு மாறியது.

எனக்கு மிகப் பெரிய வேலை தமிழ் எழுத்து. நான் பயன்படுத்தும் கொடொட் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளின் பழைய பதிப்பில் ‘கோட்டை’ என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. 2023இல் வந்த நான்காம் பதிப்பு அதைச் சரியாகக் கோக்கிறது. ஆனால் நம் சொற்கள் நீளம். ‘பின்வாங்கு’ என்பதே ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் அடங்கவில்லை. பொத்தான் எழுத்துக்கேற்ப விரியும்படி எல்லாவற்றையும் மாற்றி வரைந்தேன். என் நண்பனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது, அதனால் எதிரிப் படைக்குக் கோடுகளும் போட்டிருக்கிறேன்.

கல்லடி உறுப்பினர்:

தம்பி, முடிந்த அளவுக்கு இங்கே போடுங்கள், ஆடிப்பார்த்துச் சொல்கிறோம். ஆரையம்பதித் தங்கச்சி கேட்ட ஒலி அமைப்பை இப்போதே சேர்த்துவிடுங்கள், பிறகு சேர்ப்பது சிரமம். எழுத்தின் அளவை மாற்றும் வசதியும் வேண்டும். வாவியில் எந்தக் கட்டங்களில் ஓடம் செல்லும், எவற்றில் செல்லாது என்பதை நிறத்தில் மட்டும் காட்டாதீர்கள். ஆழமில்லாத இடத்துக்குத் தனிக் குறி போடுங்கள். கோட்டையின் கதையே தண்ணீரில்தான் இருக்கிறது.