ஓபியாய்டு சார்பு ஆய்வில் வராத சிறுநீர் மாதிரிகளை எப்படிக் கணக்கிடுவது?

குழுவினருக்கு வணக்கம். ஓபியாய்டு சார்புக்கு (ஹெராயின், மார்ஃபின் போன்றவற்றுக்கு அடிமையாதல்) சிகிச்சையாக, அவற்றின் விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் ஊசியையும், அவற்றின் மீதான ஏக்கத்தைத் தணிக்க நாவின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மருந்தையும் ஒப்பிடும் 24 வார ஆய்வொன்றின் தரவுகளை நான் பகுப்பாய்வு செய்து வருகிறேன். அதில் ஒரு முடிவை எட்ட இயலாமல் உங்கள் அனுபவத்தை நாடுகிறேன்.

பங்கேற்பாளர்கள் வாரந்தோறும் சிறுநீர் மாதிரி தர வேண்டும். மாதிரி வராத வாரத்தைப் போதைப்பொருள் பயன்படுத்திய வாரமாகவே எண்ணுவது இத்துறையில் நெடுநாளாக உள்ள வழக்கம். ஆனால், வேலை கிடைத்ததாலோ குழந்தைக்குக் காய்ச்சல் என்பதாலோ வராதவரையும், மீண்டும் பழக்கத்திற்குத் திரும்பியதால் வராதவரையும் ஒரே எண்ணாகப் பதிவது அநீதி என்றே எனக்குப் படுகிறது. அதற்காக அந்த வாரங்களை விட்டுவிட்டால், நலமாக இருப்பவர்களின் மாதிரிகளே பெரும்பாலும் மிஞ்சி, சிகிச்சை உண்மையில் இருப்பதைவிடச் சிறந்ததாகத் தோன்றிவிடும். விடுபட்ட மதிப்புகளைப் பலமுறை கணித்து நிரப்பும் முறையோ, விடுபட்டதற்கான காரணம் கையிலுள்ள தரவுகளிலேயே தெரிகிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறது. இங்கே மறைந்திருக்கும் பயன்பாடே காரணமாக இருக்கலாம்.

நால்ட்ரெக்சோன் தொடங்கும் முன் குறைந்தது 7 முதல் 10 நாட்கள் ஓபியாய்டு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதால், அந்தப் பிரிவில் சிலர் முதல் ஊசிக்கு முன்பே விலகிவிட்டனர். அவர்களைத் தொடக்கத்தில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பிரிவிலேயே வைத்து எண்ணுவதில் எனக்கு ஐயமில்லை.

இத்தகைய ஆய்வுகளில் பணியாற்றியவர்கள் வராத மாதிரிகளை எவ்வாறு கையாண்டீர்கள் என்றும், வராதவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் பதிந்தது பகுப்பாய்வுக்கு உதவியதா என்றும் தயவுசெய்து எழுதுங்கள். பங்கேற்பாளர்களை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.