ஸ்டோல்னிக், செஷ்னிக்: தமிழில் எப்படி எழுதுவது?

கல்லடி வாசகர்:
போலந்துப் பிரபுக் குடும்பமொன்றின் 17ஆம் நூற்றாண்டு வம்சாவளியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் ‘ஸ்மோலென்ஸ்க் ஸ்டோல்னிக்’, தம்பி ‘செஷ்னிக்’. மேசைப் பொறுப்பாளர், கிண்ணம் ஏந்துபவர் என்கிறது அகராதி. உண்மையிலேயே அரசருக்குப் பரிமாறினார்களா? எங்கட கோயில் வண்ணக்கர் மாதிரி என்று அடிக்குறிப்புப் போடலாமா? அண்ணனின் மகனை ‘ஸ்டோல்னிகோவிச்’ என்று எழுதியிருக்கிறார்கள். அது குடும்பப் பெயரா?

களுவாஞ்சிகுடி:
வண்ணக்கர் என்று போடாதீங்க. வண்ணக்கர் கோயில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவர். மாவட்ட ஸ்டோல்னிக்குக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆயுள் முழுக்கப் பட்டம் மட்டும்தான். போலந்துப் பிரபுக்கள் சட்டப்படி எல்லாரும் சமம். ஆளுக்கு ஆள் உயர்வு காட்ட அரசர் கொடுக்கும் இந்தப் பெயர்கள்தான் வழி.

அரசவைப் பட்டம் வேறு. முடிசூட்டு விருந்தில் கிராய்ச்சி இறைச்சியை வெட்டி வைப்பார், பொட்சாஷி கிண்ணத்தைச் சுவைத்துப் பார்த்து நீட்டுவார். போலந்து அரசவை, லித்துவேனிய அரசவை (அன்று இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர்), மாவட்டம் என மூன்று இடத்திலும் ஒரே பெயர்கள் வரும். முன்னால் நிற்கும் இடப்பெயரைப் பார்க்க வேணும். 1764இல் அரசரான பொனியத்தோவ்ஸ்கி அதற்கு முன் லித்துவேனிய ஸ்டோல்னிக். அது அரசவைப் பட்டம். உங்கட ஆள் மாவட்டத்துக்காரர்.

அக்கரைப்பற்று:
பொட்சாஷி, பொட்ஸ்டோலி மாதிரிப் பட்டங்களில் முன்னால் வரும் ‘பொட்’ என்றால் ‘கீழ்’, ஆனால் அதை நம்பி ‘துணை’ என்று எழுதினால் பிழைக்கும். பொட்ஸ்டோலி ஸ்டோல்னிக்குக்குக் கீழேதான். பொட்சாஷியோ செஷ்னிக்குக்கு மேலே. 1611இல் போலந்துப் பகுதிக்கு வகுத்த வரிசையில் ஸ்டோல்னிக், பொட்சாஷி, பொட்ஸ்டோலி, செஷ்னிக் என்றுதான் இறங்கி வரும் (இடையில் துணை நீதிபதியும் உண்டு). மாவட்டத்தில் எல்லாருக்கும் மேலே நிற்பவர் பொட்கொமோஷி. அவருக்கு மெய்யாகவே வேலை இருந்தது: காணி எல்லைத் தகராறுகளைத் தீர்ப்பது. லித்துவேனியாவின் வரிசை வேறு, கலக்காதீங்க.

‘ஸ்டோல்னிகோவிச்’ குடும்பப் பெயர் இல்லை, ஸ்டோல்னிக்கின் மகன். மனைவி ‘ஸ்டோல்னிகோவா’, மகள் ‘ஸ்டோல்னிகூவ்னா’. வம்சாவளியில் ஆள் மாறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

களுவாஞ்சிகுடி:
இன்னொன்று. ஆண்டைப் பாருங்க. 1667 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஸ்மோலென்ஸ்க் ரஷ்யர் கையில். பட்டத்தை மட்டும் போலந்து அரசர்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். அதற்குப் பிந்தியவர் என்றால் ‘ஸ்மோலென்ஸ்கில் வாழ்ந்தவர்’ என்று எழுத முடியாது.

கல்லடி வாசகர்:
பட்டம் கிடைத்தது 1680இல், ‘ஸ்மோலென்ஸ்கில் வாழ்ந்த’ என்றே எழுதி வைத்திருந்தேன்! எடுத்துவிட்டேன். ஸ்டோல்னிக் என்ற சொல்லை அப்படியே வைத்து, முதல் இடத்தில் மட்டும் ‘விருந்துமேசையின் பெயரால் வந்த மதிப்புப் பட்டம்’ என்று குறிப்புப் போடுகிறேன். மகன் ‘ஸ்டோல்னிக்கின் மகன்’.