டைமிங் பெல்ட்டா, டைமிங் செயினா: பழைய கார் வாங்குவதில் ஓர் ஐயம்

கேள்வி:
பழைய கார் வாங்குவதற்காக இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் டைமிங் பெல்ட், மற்றொன்றில் டைமிங் செயின். இரண்டும் ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர் ஓடியவை. செயினை என்ஜின் உள்ளவரை மாற்றவே வேண்டாம் என்கிறார் விற்பவர். அதற்காகவே அந்தக் காரை எடுக்கலாமா?

பதில் 1:
பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டை ஒரு சுற்று சுற்ற வைத்து, வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்வதே இரண்டின் வேலையும். கெடும் விதம்தான் வேறு. பெல்ட் என்பது இழைகள் பொதிந்த ரப்பர். பெரும்பாலும் சத்தமே இல்லாமல் அறுந்துவிடும். பல என்ஜின்களில் அப்போது மேலேறும் பிஸ்டன், திறந்திருக்கும் வால்வுகளை மோதி வளைத்துவிடும். எனவே தயாரிப்பாளர் குறித்துள்ள கிலோமீட்டர், ஆண்டு ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் மாற்றிவிட வேண்டும். மாற்றியதற்கான பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

பதில் 2:
விற்பவர் சொல்வது பாதி உண்மை. செயின் 'நீண்டுவிட்டது' என்பார்கள். உண்மையில் இணைப்புகளில் உள்ள பின்களும் அவை அமரும் துளைகளும் தேய்வதால்தான் மொத்த நீளம் கூடுகிறது. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் இந்தத் தேய்மானம் விரைவுபடும்; பல என்ஜின்களில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. இரவு முழுவதும் நின்ற காரை, பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் சில விநாடிகள் முன்பக்கத்தில் கடகடவென்று கேட்டால் டென்ஷனரையோ செயினையோ ஐயப்பட வேண்டும். நீங்கள் போகும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்! செயின் மாற்றும் கூலி பெல்ட்டைவிடப் பெரும்பாலும் அதிகம்.

பதில் 3:
ஆயிலில் நனைந்தபடியே ஓடும் பெல்ட்டும் உண்டு. மூடிய உறைக்குள் இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் செயின் என்றே தோன்றும். பொருந்தாத ஆயில் ஊற்றினால் ரப்பர் சிதைந்து, ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும். விற்பவர் வாய்ச்சொல்லை விட்டு, அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

கேட்டவர்:
கையேட்டைப் பார்த்துவிட்டேன், செயின்தான். ஆனால் ஆயில் மாற்றிய பதிவு எதுவும் இல்லை. மற்ற காருக்குச் சென்ற ஆண்டு பெல்ட் மாற்றிய பில் இருக்கிறது.

பதில் 1:
அப்படியானால் பெல்ட் உள்ள காரையே எடுங்கள். பெல்ட்டோடு டென்ஷனரும் ஐட்லரும் (பெல்ட்டை வழிநடத்தும் உருளை), பெல்ட்டால் சுழல்வதாயின் வாட்டர் பம்பும் மாற்றப்பட்டனவா என்பதை மட்டும் அந்தப் பில்லில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.