நாய்களின் இதய வால்வு கசிவு: எக்கோ பார்த்த அன்று

ஜூலி அம்மா:
என் நாய் ஜூலிக்கு மர்மர் (இதயத்தில் கேட்கும் இரைச்சல்) இருப்பது முன்பே தெரியும், அதனால் நேரே எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) வருகிறேன். ஓட்டை வெட்டிய மேசையில் ஜூலியை வலப்பக்கமாகப் படுக்க வைத்து, கீழிருந்து ப்ரோபை நெஞ்சில் வைத்தார்கள். கறுப்பு வெள்ளையில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டாக்டர் இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் மைட்ரல் வால்விலிருந்து (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ளது) இடது மேலறைக்குள் மஞ்சளும் பச்சையும் நீலமுமாகப் பீறிட்டது. மேலறையே நிறைந்துவிட்டது. அப்போதும் அவள் என் கையை நக்கிக்கொண்டு கிடந்தாள். இருமல் இல்லை, இளைப்பு இல்லை. மேலறைக்கும் மகாதமனிக்கும் உள்ள விகிதம் 1.8, கீழறையும் பெருத்துவிட்டது, பி2 நிலை (அறிகுறி இல்லை, ஆனால் இதயம் பெருத்துவிட்டது) என்று பிமோபென்டான் என்ற இதய மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஓடியாடும் நாய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரையா? மனசு ஆறவில்லை.

டைகர் அண்ணன்:
ஜூலி அம்மா, கலரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டைகருக்கும் அப்படித்தான் கொட்டியது, மர்மரின் சத்தம் 6-க்கு 4. எங்கள் டாக்டர் குறுக்குவெட்டில் படத்தை நிறுத்திக் காட்டினார். நடுவில் மகாதமனி, மூடிய மூன்று இதழும் பென்ஸ் கார் சின்னம் மாதிரி. ஒட்டினாற்போல் மேலறை. இரண்டிலும் கோடு இழுத்தார், 1.3 வந்தது. "கசிகிறது, ஆனால் இதயம் பெருக்கவில்லை, மாத்திரை வேண்டாம்" என்றார். அந்தக் கோடுகள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. அறிகுறி இல்லாத நாய்க்கு எதற்கு மருந்து? இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரவுனி வீடு:
டைகர் அண்ணா, இதை ஏற்க முடியாது. உங்கள் நாய் பி1 (கசிவு உண்டு, பெருக்கம் இல்லை), ஜூலி பி2. விகிதம் 1.6, எடைக்கு ஏற்பக் கணக்கிட்ட கீழறை அளவு 1.7, இவை இரண்டையும் தொட்டுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருந்து தொடங்கச் சொல்கிறது கால்நடை மருத்துவ நிபுணர்களின் 2019 வழிகாட்டுதல். 2016-ல் வந்த எபிக் (EPIC) என்ற பிமோபென்டான் ஆய்வில் அப்படித் தொடங்கிய நாய்களுக்கு இதயச் செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனது. பிரவுனியும் பி2-தான், மாத்திரையோடு நன்றாக இருக்கிறாள்.

ஜூலி அம்மா, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அவள் அயர்ந்து தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் உடனே கிளம்புங்கள். அப்போது எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார்கள், நுரையீரலில் நீர் கோத்திருப்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். அடுத்த எக்கோவை முடிந்தவரை அதே டாக்டரிடமே எடுங்கள், கை மாறினால் அளவும் கொஞ்சம் மாறும். அப்புறம், இருமினாலே இதயம்தான் என்று முடிவு கட்டாதீர்கள், மூச்சுக்குழாய்க் கோளாறாகவும் இருக்கலாம்.

வெள்ளையன் வீட்டார்:
எங்களுக்கு மூச்சு எண்ணிக்கைதான் காட்டிக்கொடுத்தது. ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆக்சிஜன், நீரை வெளியேற்றும் ஃப்யூரோசமைடு மருந்து எல்லாம் கொடுத்து, மூச்சு அடங்கியபின் எக்கோ. வால்வு இதழின் நுனி ஒவ்வொரு துடிப்புக்கும் மேலறைப் பக்கம் புரண்டு விழுந்தது. தாங்கிப் பிடிக்கும் இழை அறுந்துவிட்டதாம். முந்தைய எக்கோவில் அந்த இதழ் தடித்திருந்தது, அவ்வளவுதான். இப்போது வீட்டில் இருக்கிறான், சாப்பிடுகிறான். இழை அறுந்த நாயை வைத்திருப்பவர்கள் எழுதுங்கள், மாடிப்படி ஏற விடுகிறீர்களா?